எட்டு வருடம் காய்கறியாகக் கிடந்த கடிதம்

இதை அச்சுக்கு வாங்கிக்கொள்ளும் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து வரிக்கு மேலே நாலு, வரிக்குக் கீழே நாலு என்று நடக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ந, ன, ண மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். ர எங்கே, ற எங்கே என்று இன்றைக்கும் தனத்தைக் கேட்டுத்தான் போடுகிறேன். தனம் என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பரங்கி என்ற ஒரு சொல்லில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் சில இடத்தில் ர இருக்கும், சில இடத்தில் ற இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது எல்லாத் தாளையும் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு விளக்கு பளிச்சென்று அடிக்கிறதாம், அவ்வளவுதானாம். போன மாதம் பழைய சகாக்கள் போனில் பிடித்தார்கள்.

"ரொத்னொ தா, உங்க கும்ரோ கடிதமும் இன்னைக்கு ஏறிடுச்சு. அந்தக் கதையை நீங்களே எழுதி வைச்சா என்ன? எங்க வாயிலே அது வருஷத்துக்கு ஒரு கால் முளைச்சு ஓடுது."

ரத்தினம் என்ற என் பெயர் வங்காளிகள் வாயில் ரொத்னொ ஆகிவிடும். தா என்றால் அண்ணன். கும்ரோ என்றால் அவர்கள் பாஷையில் பரங்கிக்காய். அங்கே நாங்கள் பேசியதெல்லாம் வங்காளம்தான். என் வசதிக்கு நான் தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா கடலூர்ப் பக்கத்திலிருந்து வங்காளத்தில் கிதிர்பூர் துறைமுகத்துக்கு மூட்டை இறக்க வந்தவர். நான் இங்கேயே பிறந்து, புத்தகம் கட்டும் கடை ஒன்றில் பல வருடம் பசை காய்ச்சி, இருபத்தெட்டாம் வயதில் அலிப்பூரில் ஒரு பழைய ஆவணக் காப்பகத்தில் தப்தரியாகச் சேர்ந்தேன். தப்தரி என்றால் கிழிந்த தாளை ஒட்டுபவன், கட்டுப் போடுபவன், கேட்ட கட்டைத் தூக்கிக்கொண்டு வருபவன். ஒரு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தும்மினேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஹரிசாதன் பாபு. ஒல்லி, உயரம், ஜாதவ்பூர் வீட்டிலிருந்து துணிப்பையோடு பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவருக்கு ஒரே ஒரு சொல்தான்: சொமொத்கார். அற்புதம் என்று அர்த்தம். ஒரு முறை சொன்னால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. இரண்டு முறை சொன்னால் பெரிய தப்பு, ஓடிவிட வேண்டும். மூன்று முறை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அது எதற்கு என்று சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

பசை காய்ச்சுவதை அவர் எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். மைதாவைக் கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சிகள் தாளை விட்டுவிட்டுப் பசையை விருந்தாகச் சாப்பிடும். கண்ணாடிப் பலகைமேல் தாளைப் படுக்கவைத்து, ஈரப் பஞ்சால் ஒற்றி, எலும்புக் கத்தியால் மடிப்பை நீவி, மேலே மெல்லிய பட்டுத்துணியைப் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை தடவ வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவினால் காற்றுக் கொப்புளம் நிற்கும். கொப்புளம் நின்றால், சொமொத்கார்.

நான் வாய் திறக்காதவன். காலையில் வணக்கம், மாலையில் வணக்கம், நடுவில் பசை. அப்படி இருந்தவனை நாலாவது வருடத்தில் ஒரு நாள் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

அவர் முன்னால் ஒரு கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்ட பழைய சண்டையின் காகிதங்கள். ஆற்றின் மேற்குக் கரையில் சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் கப்பலில் போய் அதைப் பிடித்தார்கள். அங்கே அள்ளிவந்த காகிதங்களில் இது ஒரு கட்டு என்றார். எல்லாம் பிரெஞ்சு, ஆங்கிலம். நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு தாள்.

"ரொத்னொ, இது உன் பாஷைதானே?"

குனிந்து பார்த்தேன். தமிழ்தான். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ். எழுத்துக்குப் புள்ளியே கிடையாது. கொ, கோ இரண்டுக்கும் ஒரே கொம்பு. நடுவில் புழு வேறு சாப்பிட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் ஒரு அதிகாரி எனக்காக அரை மணி நேரம் காத்திருந்தது அதுதான் முதல் முறை. காது சூடாகிவிட்டது.

"கும்ரோ, ஸார்."

"என்னது?"

"கும்ரோ. தோட்டச் சுவர் மேலே ஒரு கும்ரோக் கொடி இருந்திருக்கு. மஞ்சப் பூ. அது இறங்கிடுச்சு. அப்புறம் இன்னொரு கும்ரோக் கொடி ஏறிடுச்சு. அதிலே சிவப்புக் கோடு."

"இவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவிலே ஒருத்தன் கும்ரோ வளர்த்தானா?"

"ரெண்டு கும்ரோ, ஸார். துணிக்கு மாத்தியிருக்காங்க போல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் தேநீர்த் தட்டில் வைத்தார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"சிவப்புக் கோடு போட்ட கும்ரோ நான் பார்த்ததில்லையே."

"எங்க ஊர்ப் பக்கம் இருக்கலாம், ஸார்." எங்கள் ஊரை நான் அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன்.

மீதி வரிகள் காய்கறி விலை என்று நினைத்து நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் ஒரு சீட்டு எழுதித் தாளோடு இணைத்தார். 'தனியார் கடிதம், தமிழ். காய்கறி தொடர்பானது. போருக்குச் சம்பந்தமில்லை.' நான் தாளுக்குப் பட்டுத்துணி போட்டு ஒட்டி, எதிலும் சேராத தாள்கள் போகும் பல்வகைக் கட்டில் வைத்தேன். கொப்புளம் நிற்கவில்லை. அன்றிலிருந்து தமிழ்க் காகிதம் எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். பியூன்கள்கூட "பண்டிதரே" என்றார்கள். கிண்டல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

எட்டு வருடம் போனது. ஹரிசாதன் பாபு ஓய்வு பெறும் வருடம் வந்தது. போவதற்கு முன் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு கூடம், பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டி. மூன்று மாதம் பைத்தியம் மாதிரி வேலை செய்தோம். படங்களுக்குச் சட்டம் அடிக்கும்போது எனக்கு அந்தச் சண்டையை அவர் இரண்டு டீக்கடையாக்கிச் சொன்னார்.

"ஒரே தெருவிலே ரெண்டு கடை. முதலாளிகள் ரெண்டு பேரும் ஐரோப்பாவிலே. அமெரிக்காவிலே எவ்வளவு நிலம் யாருக்கு, சர்க்கரைத் தீவு யாருக்கு, இங்கே துணியும் வெடியுப்பும் யாருக்குன்னு அவங்களுக்குள்ளே தகராறு. சண்டை அங்கே மூண்டா, சேதி கப்பலிலே இங்கே வர மாசக் கணக்காகும். சேதி வந்ததும் நேத்து வரைக்கும் ஒண்ணா விருந்து சாப்பிட்டவன் பீரங்கியைத் திருப்புவான். கடைசியிலே ஒரு கடைதான் மிச்சம்."

"அப்புறம் டீ என்ன விலைக்கு விப்பான், ஸார்?"

"அவன் இஷ்டம்," என்றார். "அதுதான் அப்புறம் நடந்த அத்தனையும்."

கூடத்தின் வாசலில் வைக்க ஒரு பெரிய பலகை. அதன் கடைசி வரியை அவர் பலமுறை அடித்து அடித்து எழுதியது எனக்குத் தெரியும். 'எந்த மண்ணுக்காகச் சண்டை போட்டார்களோ, அந்த மண்ணின் ஆள் அதைப் பற்றி எழுதிய ஒரு வரிகூட எங்கள் கட்டுகளில் இல்லை.' அந்த வரிதான் அவருடைய முப்பத்தாறு வருட வேலையின் முடிவு என்றார். நான்தான் பலகையைச் சுமந்துபோய் மாட்டினேன். திறப்பு விழா ஆகஸ்ட் பதினாறு.

பதினைந்தாம் தேதி காலை. சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பில் கொடியேற்றம். தனம் அந்த வருடம் வாசல் ஓரம் பரங்கி விதை போட்டிருந்தாள். மழையில் அது யாரையும் கேட்காமல் ஓடி, பக்கத்திலிருந்த கொடிக்கம்பத்தைப் பிடித்து ஏறி, உச்சிக்கு முக்கால் தூரம் போய், மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. குடியிருப்புச் செயலாளர் வெள்ளை ஜிப்பாவோடு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பௌதி! இது என்ன பௌதி? சுதந்திர தினத்துக்குக் கும்ரோவா ஏத்தறது? இறக்குங்க, இறக்குங்க!"

அந்தக் குடியிருப்பில் வங்காளிகள் எல்லோருக்கும் தனம் பௌதி, அதாவது அண்ணி. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்து எனக்குக் கத்தினாள்.

"ஏங்க! இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்தை! இந்தக் கொடியை இறக்கிட்டு அந்தக் கொடியை ஏத்தணுமாம்!"

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தக் கொடி இறங்கி, அந்தக் கொடி ஏறி. சுவர் மேலே. மஞ்சள் பூ.

பறங்கி!

எங்கள் அப்பா துறைமுகத்தில் வெள்ளைக்கார மாலுமியைப் பார்த்தால் 'பறங்கி வரான்' என்பார். அந்தச் சொல்லை நான் குழந்தையிலிருந்து கேட்டவன். கடலூர்க்காரன் நாக்கில் காயும் அதே சத்தம்தான். மதுரைக்காரனாக இருந்தால் காயைப் பூசணி என்று சொல்லியிருப்பான், தப்பித்திருப்பான். நான் மாட்டிக்கொண்டேன். வங்காளத்தில் செடிக்கொடிக்கு ஒரு சொல், கம்பத்துக் கொடிக்கு வேறு சொல். நான் செடியின் சொல்லைச் சொன்னேன். சொன்ன நிமிடமே சண்டை காய்கறியாகிவிட்டது.

"தனம்," என்றேன், "பரங்கிக் கொடியிலே மஞ்சப் பூ எப்படி இருக்கும்?"

"என்ன கேள்வி இது? பூ விட்டிருக்கும்."

"பூப்போட்டிருக்கும்னு சொல்லுவியா?"

"பூப்போட்டது புடவை. செடி பூ விடும். உங்களுக்கு என்ன ஆச்சு, நுரையைத் துப்புங்க."

கடிதத்தில் இருந்தது 'பூப்போட்ட'. எனக்கு நன்றாக நினைவிருந்தது. செடியில்லை, துணி. பிரெஞ்சு ராஜாவின் கொடி வெள்ளைத் துணியில் பொன்னிறப் பூ. மூன்றாவது பெட்டிக்கு அதன் படத்தை நானே ஒட்டியிருந்தேன். ஆங்கிலேயக் கம்பெனியின் கொடி சிவப்புக் கோடு போட்டது. அதையும் நானேதான் ஒட்டினேன்.

நாளைக்கு ஊரே வந்து அந்தப் பலகையைப் படிக்கப் போகிறது. அந்தக் கடைசி வரி பொய். அதைப் பொய்யாக்கியவன் நான். சொன்னால் ஹரிசாதன் பாபுவின் கடைசி வேலை கெடும், என் பண்டிதர் பட்டமும் போகும். எட்டு வருடம் நான் படித்துச் சொன்ன தமிழ்க் காகிதம் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் தனம். "வெறுங்கையோட போகாதீங்க." இறக்கிய கொடியிலிருந்து ஒரு காயைப் பறித்து என் கையில் திணித்தாள்.

ஜாதவ்பூர் பஸ்ஸில் மடியில் பரங்கிக்காயோடு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை இருபது தடவை மனப்பாடம் செய்தேன். அவர் வீட்டில் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது. தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். சந்தேஷ் என்ற இனிப்பைக் கொடுத்தார்கள், தின்றேன். இன்னொரு தேநீர். காய் மடியிலேயே இருந்தது.

"ரொத்னொ," என்றார் ஹரிசாதன் பாபு, "ஒரு மணி நேரமா அந்தக் கும்ரோவைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கே. எனக்குத்தானே?"

"ஆமா, ஸார்."

"நன்றி. வேறென்ன?"

"ஸார், இது கும்ரோ."

"தெரியுது."

"அது கும்ரோ இல்லை, ஸார்."

எனக்கு வாய் திறந்துகொண்டது. பறங்கி, பூப்போட்ட துணி, கொடிக்கம்பம், செயலாளர், பல் தேய்த்த நுரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடித்ததும் காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தேநீருக்குள்ளேயே போட்டார்.

"சொமொத்கார்," என்றார்.

ஒன்று. நான் வாசலைப் பார்த்தேன்.

"சொமொத்கார்." இரண்டு. செருப்பில் கால் நுழைத்தேன்.

"எங்கே ஓடறே? நானும் வரேன்!"

கண்காட்சி வேலைக்காக அன்று அலுவலகம் திறந்திருந்தது. பல்வகைக் கட்டை இறக்கி, கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்குப் போட்டுத் தாளைப் படுக்கவைத்தோம். முதலில் அந்தப் புழு தின்ற இடம். 'தோட்ட' என்று நானாகப் போட்டுக்கொண்ட சொல். வெளிச்சத்தில் பார்த்தால் எஞ்சியிருந்தது 'ட்டை'. அதற்கு முன் ஓட்டையின் விளிம்பில் க வின் கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டை. என் பட்டுத்துணிக்கு அடியில் எட்டு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன், அர்த்தம் சொன்னேன், அவர் எழுதினார். இந்த முறை ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டையும் சொன்னேன். முழுவதும் இவ்வளவுதான்:

'அண்ணாவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே கோட்டைச் சுவர் மேலே மஞ்சள் பூப்போட்ட பறங்கிக் கொடி இறங்கிப் போச்சுது. சிவப்புக் கோடு போட்ட பறங்கிக் கொடி ஏறிப் போச்சுது. இரண்டு பறங்கி இருந்த மட்டும் துணிக்கு நாம் விலை சொன்னோம். இனிமேல் ஒரு பறங்கி சொன்னதே விலை. அங்கேயும் இப்படிக் கொடி இறங்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகவும்.'

'அங்கே' என்றால் புதுச்சேரி. தாளின் முதுகில் அந்த ஊர்ப்பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரரிடம் துணி வேலைக்கு வந்த யாரோ ஒரு தமிழ் ஆள், தன் அண்ணனை எச்சரித்திருக்கிறான். கடிதம் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் இங்கே இருக்காது. சில வருடங்களில் அங்கேயும் கொடி இறங்கியது, ஊரையே இடித்தார்கள் என்று ஹரிசாதன் பாபு மெதுவாகச் சொன்னார்.

"உன் டீக்கடைக் கேள்விக்கு இவன் அப்பவே பதில் எழுதியிருக்கான், ரொத்னொ," என்றார். "நான் மூணு மாசமா பன்னிரண்டு பெட்டியிலே சொன்னதை இவன் ரெண்டு வரியிலே சொல்லிட்டான்."

பிறகு பசை காய்ச்சச் சொன்னார். பலகையின் கடைசி வரிமேல் ஒட்ட ஒரு நீளத் தாளில் புது வரி எழுதினார். நான் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் படித்தேன். 'அந்த மண்ணின் ஆள் எழுதிய கடிதம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. எட்டு வருடம் நாங்கள் அதைக் காய்கறிக் கட்டில் வைத்திருந்தோம்.'

"ஸார், நாங்கள் இல்லை. நான்."

"சீட்டு யார் கையெழுத்து?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. தனமும் பூப்போட்ட புடவையில் வந்து பின்வரிசையில் நின்றாள். தலைமை விருந்தினர் பலகையைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதைத் தமிழில் கேட்க வேண்டுமே," என்றார். ஹரிசாதன் பாபு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். தாளைப் பார்த்தேன். எழுதியவனும் எழுத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாதவன்தான் என்று நினைத்துக்கொண்டேன், தைரியம் வந்தது. உரக்கப் படித்தேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். தனத்துக்கு மட்டும் புரிந்தது. அவள் கைதட்டவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளைங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்துதுங்களா?"

"தெரியலை, தனம். கடுதாசி போகலை."

"இப்பப் படிச்சீங்களே," என்றாள். "யாரு காதிலேயாவது விழுந்திருக்கும்."

அதை நான் வங்காளத்தில் ஹரிசாதன் பாபுவுக்குச் சொன்னேன். அவர் தனத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு சொன்னார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறையும். பியூன்கள் கதவருகில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஒரு பரங்கிக்காய்க்காக என்று எவன் கட்டியிருப்பான்?

பழைய சீட்டை அவர் அடிக்கவில்லை. 'காய்கறி தொடர்பானது' என்பதற்குக் கீழே, 'மேற்படி காய்கறி ஒரு போர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். ரத்தினம் என்று தமிழில் போட்டேன். அதில் எந்த ர என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

தாள் தூசி மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் ஓய்வு வயதுக்கு நாலு வருடம் முன்னதாகவே வேலையை விட்டுவிட்டேன். ஹரிசாதன் பாபு இன்னும் ஜாதவ்பூரில் இருக்கிறார். என்னிடம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டார். வருடம் ஒரு முறை இதே நாளில் போன் செய்து கேட்பார், "ரொத்னொ, கொடி ஏறிச்சா?" நான் கேட்பேன், "எந்தக் கொடி, ஸார்?" அதற்கு இரண்டு கிழங்களும் மூச்சு வாங்கும் வரை சிரிப்போம்.

கீழே புதுச் செயலாளர் "பௌதி, பௌதி" என்று அலறிக்கொண்டிருக்கிறார். தனம் இந்த வருடமும் விதை போட்டிருந்தாள். போன் அடிக்கிறது, நிறுத்துகிறேன்.

2025 ஆகஸ்ட் 15, காலை எட்டு மணி.